சுதாவும் வேலு நாயக்கரும்: நடிப்பு விருதுகளில் ஆண், பெண் பிரிவு வேண்டுமா?

1987-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த நடிகருக்கான விருதும் சிறந்த நடிகைக்கான விருதும் தமிழ்ப் படங்களுக்கே கிடைத்தன. 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கராக நடித்த கமல்ஹாசன் ஒன்றைப் பெற்றார். 'வீடு' படத்தில் சுதாவாக நடித்த அர்ச்சனா மற்றொன்றைப் பெற்றார். நடிப்பு விருதுகளில் ஆண், பெண் பிரிவு தேவையா என்ற விவாதம் உலகெங்கும் நடந்துகொண்டிருக்கும் இந்நாட்களில், அந்த ஆண்டு நடிப்புக்கென ஒரே ஒரு விருதுதான் இருந்திருந்தால் அது யாருக்குப் போயிருக்கும் என்று அடிக்கடி யோசித்துப் பார்க்கிறேன். எவ்வளவு யோசித்தாலும், அது அர்ச்சனாவுக்குப் போயிருக்கும் என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அவருடைய நடிப்பு எந்த விதத்திலாவது குறைந்தது என்பதனால் அல்ல. அந்த இரண்டு பாத்திரங்களும் எழுதப்பட்டிருக்கும் விதத்தினால்.

வேலு நாயக்கர் என்பது ஒரு நடிகருக்கு வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்க்கும் பாத்திரம். இளைஞனாகத் தொடங்கி, தாராவி மக்களின் காவலனாகவும் கடத்தல்காரனாகவும் வளர்ந்து, மனைவியையும் மகனையும் பறிகொடுத்து, நரைத்த தலையும் தளர்ந்த நடையுமாக முடிகிற ஒரு முழு வாழ்க்கை அதில் இருக்கிறது. குரல் மாறுகிறது, உடல் மாறுகிறது, மகனின் சடலத்துக்கு முன்னால் வெடிக்கும் அந்த அழுகை இன்றுவரை பேசப்படுகிறது. சுதாவுக்கு இப்படி எதுவும் எழுதப்படவில்லை. அவள் அலுவலகத்துக்குப் போய்வரும் ஒரு சாதாரணப் பெண். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு சிறிய வீட்டைக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். கடனுக்கு அலைகிறாள், அனுமதிக்கு அலைகிறாள், கட்டுமான வேலையை ஒப்புக்கொண்டவர் சிமெண்ட்டைத் திருடி விற்பது தெரியவரும்போது அதைத் தட்டிக் கேட்கிறாள். கேட்காமல் விட்டால் சுவர் நிற்காது, கேட்டுவிட்டால் வேலையே நின்றுபோகும் என்ற இரண்டு கணக்குகளும் அர்ச்சனாவின் முகத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடிப்பதே தெரியாத அந்த நடிப்பு எவ்வளவு அரியது என்பது படத்தை இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும்.

ஆனால் எந்தத் தேர்வுக் குழுவின் கண்ணும் முதலில் வேலு நாயக்கர் மீதுதான் போய் நிற்கும். முதுமை ஏறுவதும், குரல் உடைவதும், ஒரு மனிதன் நம் கண் முன்னால் வேறொருவனாக ஆவதும் தொலைவிலிருந்தே தெரிகின்ற நடிப்பு. அத்தகைய பாத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. பெரிய நடிப்பு என்றால் இதுதான் என்று நாம் வைத்திருக்கும் அளவுகோலும் அவற்றைப் பார்த்துப் பார்த்து உருவானதுதான். 1987-இல் தனிப் பிரிவு இருந்த காரணத்தினால், 'நாயகன்' எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும், தேர்வுக் குழு அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பெண்கள் நடித்தவற்றில் எது சிறந்தது என்று தனியாக உட்கார்ந்து தேடியாக வேண்டியிருந்தது. தேடியபோது சுதா கண்ணில் பட்டாள். சிறந்த நடிகை என்ற விருது ஆணையும் பெண்ணையும் திறமையில் பிரித்துக் காட்டுவதற்காக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது பெண்களின் வேலையைத் தேடிப் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்த விருது. அந்தக் கட்டாயத்தை இப்போதைக்குக் கைவிடக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

இதற்கு எதிரான வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளோடு இதைப் பற்றிப் பேசியபோது, "ஓட்டப்பந்தயத்துல பிரிக்கிறாங்க, சரி. நடிக்கிறதுக்கு எந்தத் தசை வேணும், சித்தி?" என்று கேட்டாள். எந்தத் தசையும் வேண்டியதில்லை. இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் இசைக்கும் நாம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 'சிறந்த பெண் ஒளிப்பதிவாளர்' என்று ஒரு விருதை அறிவித்தால் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படியிருக்க நடிப்பில் மட்டும் ஏன் என்ற கேள்வியின் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆயினும், பிரிக்காமல் விட்ட துறைகளில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஆஸ்கர் விருதுகள் 1929-இல் தொடங்கின. முதல் விழாவிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் சிறந்த நடிகைக்கான விருது வழங்கப்பட்டிருக்கிறது. சிறந்த இயக்குநர் விருதை ஒரு பெண் பெறுவதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கேத்ரின் பிகலோ. ஒளிப்பதிவுக்கு ஒரு பெண்ணின் பெயர் பரிந்துரைக்கப்படவே 2018 ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் கதை வேறில்லை. பி.ஆர்.விஜயலட்சுமி 1985-இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, இந்தத் துறையில் பெண்ணால் நிற்க முடியும் என்று தமிழ்த் திரையுலகில் காட்டினார். ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான். மலையாளப் படமான 'குட்டி ஸ்ராங்க்' அதை அஞ்சுலி சுக்லாவுக்குப் பெற்றுத் தந்தது. 1981-ஆம் ஆண்டுக்கும் 2002-ஆம் ஆண்டுக்கும் அபர்ணா சென் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றார் என்றாலும், அந்த விருதின் நெடிய பட்டியலில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதே காலத்தில் நடிப்பில் மட்டும் நர்கிஸ், சாரதா, லட்சுமி, ஷோபா, சுஹாசினி, அர்ச்சனா என்று பெயர்கள் தொடர்ந்து வந்தன. சாரதாவை இன்றும் 'ஊர்வசி சாரதா' என்றே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சிறந்த நடிகைக்கு அந்நாளில் வழங்கப்பட்ட ஊர்வசி விருது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இயக்கத்திலும் ஒளிப்பதிவிலும் பெண்கள் குறைந்ததற்கு விருது மட்டுமே காரணமல்ல, வேலைக்கே அவர்களை எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதே உண்மையைத்தான் நான் நடிப்புக்கும் பொருத்திப் பார்க்கிறேன். வாய்ப்புகள் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடத்தில், விருதை மட்டும் சமமாக்கினால் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே விருதுப் பட்டியலில் பதிவாகும்.

இந்த இடத்தில் பெர்லின் திரைப்பட விழா என் வாதத்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. அதைத் தாண்டிப் போவதற்கு எனக்கு மனமில்லை. 2020 ஆகஸ்டில் பெர்லின் விழா, சிறந்த நடிகர், சிறந்த நடிகை விருதுகளை எடுத்துவிட்டு, முதன்மை நடிப்புக்கு ஒன்று, துணை நடிப்புக்கு ஒன்று என இரண்டு வெள்ளிக் கரடி விருதுகளைப் பாலினம் பார்க்காமல் வழங்கப்போவதாக அறிவித்தது. 2021-இல் முதன்மை விருதை மாரன் எகெர்ட் என்ற நடிகை பெற்றார். 2022-இல் மெல்தெம் கப்தான். 2023-இல் சோஃபியா ஒதேரோ என்ற சிறுமி, ஒன்பதே வயதில். துணை நடிப்பு விருதுகளும் அந்த மூன்று ஆண்டுகளிலும் பெண்களுக்கே போயின. அவர்களுள் 2023-இல் பெற்ற தேயா ஏரே ஒரு திருநங்கை. 2024-இல்தான் செபாஸ்டியன் ஸ்டான் மூலம் முதல் ஆண் உள்ளே வந்தார். மறு ஆண்டு முதன்மை விருது மறுபடியும் ரோஸ் பைர்ன் என்ற நடிகைக்குப் போனது. பிரிவை எடுத்துவிட்டால் பெண்கள் காணாமல் போவார்கள் என்று அஞ்சியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது என்று அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கும் தோன்றியது.

பிறகு பிரிட்டனின் பிரிட் இசை விருதுகளைப் பார்த்தேன். ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத தன் அடையாளத்துக்கு அங்கே இடமில்லை என்று பாடகர் சாம் ஸ்மித் 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் கேட்டது நியாயம். 2022 விழாவிலிருந்து ஆண் கலைஞர், பெண் கலைஞர் என்ற இரண்டு பிரிவுகளும் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' என ஒன்றாக்கப்பட்டன. முதல் ஆண்டு அடெல் வென்றார். விருதின் பெயரை ஏன் மாற்றினார்கள் என்பது தனக்குப் புரிகிறது என்றும், ஆனால் பெண்ணாக இருப்பதும் பெண் கலைஞராக இருப்பதும் தனக்கு மிகவும் பிடிக்கும் என்றும் மேடையில் சொன்னார். மறு ஆண்டே, அதாவது 2023-இல், அந்தப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து பேரும் ஆண்கள். வென்ற ஹாரி ஸ்டைல்ஸ், பட்டியலில் இடம்பெறாத பாடகிகள் சிலரின் பெயர்களை மேடையிலேயே குறிப்பிட்டார். கண்டனம் எழுந்த பிறகு, 2024-இல் பரிந்துரைகளின் எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தினார்கள். அந்த ஆண்டு ரே என்ற பாடகி வென்றார்.

ஒரே சீர்திருத்தம் ஓரிடத்தில் பெண்களை மேலே கொண்டுவந்தது, இன்னோரிடத்தில் இரண்டாம் ஆண்டிலேயே பட்டியலை விட்டு வெளியேற்றியது என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? பெர்லினில் ஒரு சிறிய நடுவர் குழு, போட்டிப் பிரிவில் உள்ள ஏறத்தாழ இருபது படங்களையும் ஒன்றுவிடாமல் பார்க்கிறது. அந்தப் படங்களையும், பெண்களை மையமாகக் கொண்ட கதைகளுக்குக் கதவைத் திறந்துவைக்கும் ஒரு விழாதான் முதலில் தேர்ந்தெடுக்கிறது. அதாவது, தேடல் என்ற வேலை விருதுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பிரிட் விருதுகளில் வாக்களிப்பவர்கள் ஏராளம்; அவர்கள் தேடுவதில்லை, அந்த ஆண்டு சந்தையில் எது உரக்கக் கேட்டதோ அது அவர்கள் வாக்கில் எதிரொலிக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெர்லினில் முன்பு நடிப்புக்கு இரண்டு விருதுகள், மாற்றத்துக்குப் பின்னும் இரண்டு. மற்ற இடங்களில் சேர்ப்பது என்றால் குறைப்பது என்றாகிவிடுகிறது. அமெரிக்காவின் கிராமி விருதுகள் 2011-இல் பிரிவுகளை 109-இலிருந்து 78-ஆகக் குறைத்தபோதுதான் பாடகர், பாடகி என்ற பிரிவுகளும் மறைந்தன. (பாப் தனிப்பாடல் பிரிவில் அதனால் பெண்களுக்குப் பெரிய இழப்பில்லை, அடெல் மட்டுமே அதைப் பலமுறை வென்றிருக்கிறார். அந்தத் துறையில் பெண்களின் பாட்டு ஆண்களின் பாட்டுக்கு இணையாக விற்கிறது, இணையாக ஒலிக்கிறது என்பதே காரணம்.)

நம் படங்களுக்கு வருவோம். தமிழ்ப் படத்தின் கதாநாயகன் ஏறத்தாழ எல்லாக் காட்சியிலும் இருக்கிறான். கதாநாயகி பல படங்களில் பாட்டுக்கும் இடைவேளைக்கு முந்தைய சில காட்சிகளுக்கும் வந்துபோகிறாள். அதைவிட ஆழமான ஒரு குறையும் உண்டு. நம் நாயகர்கள் தம் வசனத்தைத் தாமே பேசுகிறார்கள். நாயகிகளில் பலருக்கு டப்பிங் கலைஞர் ஒருவர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் கலைஞர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நடுவர் முன்னால் ஆணின் நடிப்பு உடலும் குரலுமாக முழுமையாக வந்து நிற்கும்போது, பெண்ணின் நடிப்பு இரண்டு பேருக்கிடையே பங்கிடப்பட்டு வந்து நிற்கிறது. 'பருத்திவீர'னில் முத்தழகாக நடித்த பிரியாமணி மதுரைப் பக்கப் பேச்சைத் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். அந்தப் பாத்திரத்தின் வீம்பும் பிடிவாதமும் பாதிக்கு மேல் அந்தக் குரலில்தான் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. இந்த வாய்ப்பை எத்தனை நடிகைகளுக்கு நாம் கொடுக்கிறோம்?

2020-ஆம் ஆண்டுப் படங்களில் 'சூரரைப் போற்று' சிறந்த படமாகத் தேர்வானது. சூர்யா, அஜய் தேவ்கனோடு சேர்ந்து சிறந்த நடிகரானார். அபர்ணா பாலமுரளி சிறந்த நடிகையானார். பெண் ஒருவர் இயக்கிய படம், பொம்மி என்ற அந்தப் பெண் பாத்திரமும் சொந்த மூளையும் சொந்தத் தொழிலும் உள்ள பாத்திரம். அப்படியிருந்தும் கதை மாறாவின் கதைதான். விமானம் அவனுடைய கனவுதான். ஒரே விருது இருந்திருந்தால் அபர்ணா முதலில் தம் படத்தின் நாயகனோடு போட்டியிட்டிருக்க வேண்டும், மாறாவுக்கு எழுதப்பட்ட காட்சிகளின் எண்ணிக்கையோடு போட்டியிட்டிருக்க வேண்டும். 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் தேனிப் பக்கத்து வறண்ட மண்ணில் ஒற்றை ஆளாக மகனை வளர்க்கும் வீராயியாக சரண்யா பொன்வண்ணன் நடித்ததும், 'ஆடுகள'த்தில் தனுஷ் நடித்ததும் ஒரே ஆண்டு. அந்த ஆண்டு நடிகர் விருதையும் நடிகை விருதையும் தலா இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நால்வரில் ஒருவரை மட்டும் எடு என்று சொல்லியிருந்தால், பெரிய நகரங்களில் ஓடாத ஒரு சிறிய படத்தின் தாயை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

பின்னணிப் பாடலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 44-ஆவது தேசிய விருதுகளில் 'மின்சார கனவு' என்ற ஒரே படத்துக்காக எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 'தங்கத் தாமரை'க்கும் கே.எஸ்.சித்ரா 'மானா மதுரை'க்கும் விருது பெற்றார்கள். அவர்களில் ஒருவரை விட்டுவிடுவதால் யாருக்கு என்ன நன்மை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் நம் தேசிய விருதுகளிலேயே ஆண், பெண் பார்க்காத ஒரு நடிப்பு விருது பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது என்பதை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அது சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருது. 'அஞ்சலி' படத்துக்காக தருண், ஷாமிலி, ஸ்ருதி மூவரும் சேர்ந்து அதைப் பெற்றார்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதாவாக நடித்த கீர்த்தனா பெற்றார். 'காக்கா முட்டை'யின் இரண்டு சிறுவர்களும் பெற்றார்கள். சிறுவன், சிறுமி என்று பிரித்துத் தாருங்கள் என்று எவரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. குழந்தைகளுக்குக் கதை எழுதும்போது நம் இயக்குநர்கள் சிறுமியை ஓரத்தில் நிறுத்துவதில்லை. தாயைத் தேடிப் போகிற அமுதாவின் கதையில் அமுதாதான் மையம். அதே சிறுமி வளர்ந்து இருபது வயதில் நடிக்க வரும்போதுதான் அவளைச் சுற்றி எழுதப்படும் கதை சுருங்கிவிடுகிறது. ஆகவே, பிரிவு என்பது இயற்கை விதித்தது அல்ல, எழுத்து விதித்தது. எழுத்து மாறினால் பிரிவு தானாகவே தேவையற்றதாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தனிப் பிரிவு பெண்களுக்கு இழுக்கு, சலுகை போலத் தோன்றுகிறது என்று சொல்பவர்களிடம் நான் உள்ளாட்சித் தேர்தல்களைக் காட்டுவேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான பங்கு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த வார்டுகளில் வென்று வந்தவர்களை யாரும் பாதி கவுன்சிலர் என்று அழைப்பதில்லை. இடஒதுக்கீட்டின் பொருளை நன்றாகவே உணர்ந்த ஒரு சமூகம் நாம். ஒதுக்கப்பட்ட இடத்தில் வந்தவருக்குத் தகுதி குறைவு என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டு, எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு பிரிவுகளும் தமக்குப் பொருந்தாது என்று நிற்பவர்களின் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கனமானது. அமெரிக்காவில் நாடகத்துக்கான டோனி விருதுகளின்போது 2023-இல் ஜஸ்டின் டேவிட் சல்லிவன் என்ற கலைஞர், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தேர்ந்தெடுக்க மறுத்துப் போட்டியிலிருந்தே விலகினார். அதே ஆண்டு, தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ வரையறுக்காத அலெக்ஸ் நியூவெல்லும் ஜே.ஹாரிசன் கீயும் நடிகர் பிரிவில் போட்டியிட்டு வென்றார்கள். ஒரே கதவின் முன் சிலர் நுழைந்தார்கள், ஒருவர் திரும்பிப் போனார். அவர் திரும்பிப் போக நேர்ந்தது தவறு. நம் பக்கத்தில், 'அந்தரம்' என்ற மலையாளப் படத்தில் நடித்த தமிழ்நாட்டுத் திருநங்கை நேகாவுக்கு, 2021-ஆம் ஆண்டுப் படங்களுக்கான கேரள அரசு விருதுகளில், பெண்களுக்கும் திருநருக்கும் உரிய சிறப்பு விருது கிடைத்தது. கேரள அரசு அப்படி ஒரு விருதைத் தொடங்கியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெண்ணாக வாழும் ஒருவர் பெண்ணாக நடித்தால், சிறந்த நடிகைக்கான போட்டியில்தான் அவர் பெயர் முதலில் பேசப்பட வேண்டும். சிறப்பு விருது என்ற தனி நாற்காலி அதற்கு ஈடாகாது. திருநங்கையர் நல வாரியத்தை 2008-இலேயே அமைத்த மாநிலம் தமிழ்நாடு. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. விருது விண்ணப்பத்தில் எந்தப் பிரிவில் தம்மைக் கருத வேண்டும் என்பதை நடித்தவரே எழுதித் தரலாம் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு இன்னும் என்ன தடை இருக்கிறது? இரண்டிலும் சேர விரும்பாதவர்களுக்குப் பொதுவான மூன்றாவது நடிப்பு விருது ஒன்றையும் வைக்கலாம். அதில் ஆணும் பெண்ணும்கூடக் கருதப்படலாம் என்றால், அது ஒதுக்குப்புறமாகவும் ஆகாது.

சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் துணை நடிப்பில் தொடங்கலாம் என்பது என் யோசனை. 1984 முதல் துணை நடிகருக்கும் துணை நடிகைக்கும் தேசிய விருது வழங்கப்படுகிறது. நாயகன் என்ற மலை அங்கே குறுக்கே நிற்பதில்லை. 'புதிய பாதை'யில் விருது பெற்ற மனோரமாவைப் போன்றவர்கள் எந்த ஆண் நடிகரோடும் நேருக்கு நேர் நிற்கக்கூடியவர்கள். விருதுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், இரண்டையும் பாலினம் பார்க்காமல் சிறந்த இரண்டு துணை நடிப்புகளுக்கு வழங்கிப் பார்க்கலாம். கூடவே ஒன்றைச் செய்தாக வேண்டும். நம் தேசிய விருதுகளில் இப்போது வென்றவர்களின் பெயர்கள் மட்டுமே அறிவிக்கப்படுகின்றன. இறுதிச் சுற்றில் யார் யார் கருதப்பட்டார்கள் என்ற பட்டியல் வெளியிடப்படுவதில்லை. 'நாயகன்' ஆண்டில் அர்ச்சனாவுக்கு அடுத்ததாக எந்த நடிகையைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நம்மால் அறிந்துகொள்ள முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த இறுதிப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று விருதுகளை நடத்தும் அமைச்சகத்தை நாம் கேட்கலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு அந்தப் பட்டியல் நம் கண் முன்னால் இருந்தால், துணை நடிப்பில் பெண்கள் நிலைத்தார்களா மறைந்தார்களா என்பது பெயர் பெயராகத் தெரிந்துவிடும். முதன்மை விருதைத் தொடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.